சூட்டோடு திறந்த பெட்டி

"இன்னாமா நாத்தம் இது? நெயில் பாலிஷ் கம்பெனி வெச்சுகினு கீறியா கீழ?" என்று மாடிப்படியில் நின்று வீட்டுக்கார அம்மா கத்தினாள். நான் ஈரக் கையோடு வெளியே வந்து, "இல்லக்கா, பல் செட் செய்யற லிக்விட். கொஞ்ச நேரத்துல போயிடும்" என்றேன். "அது போகலன்னா நீ போயிடணும். வூட்ல கொழந்த கீது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். பக்கத்தில் நீ இல்லாததால் வரவில்லை.

பதினான்கு வருஷம் நாம் சேர்ந்து வேலை செய்த பல் லேபுக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் இதையேதான் கேட்டார்கள். செட்டின் ஈறுக்கு ரோஸ் நிறப் பவுடரில் லிக்விடை ஊற்றிக் குழைக்கும்போது வரும் வாசனை அப்படி. "ஆமாங்க, பல்லுக்குத்தான் நெயில் பாலிஷ் போடறோம்" என்று நீ சிரிக்காமல் பதில் சொல்வாய். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது எதிரே ஒரு காலேஜ் பெண் நகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தால் என் விலாவில் இடிப்பாய். "லேப் வந்துடுச்சு, எறங்குடி."

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பம்மலில் ஒரு சந்துக்குள் நான் வாடகைக்குப் பிடித்திருக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மேஜையில், பல் செட்டை உள்ளே அழுத்தி வேகவைக்கும் பித்தளைப் பெட்டி. லேபில் எல்லோரும் அதை ஃபிளாஸ்க் என்பார்கள், நீ மட்டும் பெட்டி என்பாய். உள்ளே ஒரு செட் இருக்கிறது. கொதிநீரிலிருந்து ஒரு மணிக்கு எடுத்து வைத்தேன். அது தானாக ஆற வேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் தொடக்கூடாது. கை சும்மா இருக்க மறுக்கிறது. அதை ஏதாவது ஒரு வேலையில் கட்டிப்போட வேண்டும் என்றுதான் பல் கிளினிக்குகளிலிருந்து வந்த பழைய கேஸ் சீட்டுகளின் பின்பக்கத்தில் உனக்கு இதை எழுதுகிறேன். நாளை மறுநாளோடு எனக்கு வேலை இல்லை. நான் எழுதிக் கொடுத்ததுதான். பயமாக இருக்கிறதுடி.

குரோம்பேட்டையில் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த லேபில் நாம் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெழுகில் பல்லை அடுக்கச் சொன்னால் நான் அடுக்கியது ஆட்டுப் பல் மாதிரி இருக்கும், நீ அடுக்கியது சிரிப்பதற்குப் பதில் அழுகிற மாதிரி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கித்தான் தேறினோம். கிளினிக்கிலிருந்து வரும் ஒவ்வொரு வாயின் அளவுக்கும் இரண்டு பிளாஸ்டர் மாடல் ஊற்றுவது நம் லேப் வழக்கம். ஒன்று பெட்டிக்குள் போய் உடைந்துவிடும். இன்னொன்று செட்டோடு சேர்ந்து கிளினிக்குக்குப் போகும். அதன் அடியில் யார் செய்தது என்று பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். உன் குறி இரண்டு கோடு. என் குறி வட்டம். "முட்டை மார்க் வாங்கினவ" என்று பதினான்கு வருஷமும் என்னைக் கேலி செய்தாய்.

பெட்டி விஷயத்தில் மட்டும் உன்னிடம் கேலி கிடையாது. சூட்டோடு திறந்தால் உள்ளே இருக்கும் செட் கண்ணுக்குத் தெரியாமல் கோணிக்கொள்ளும். மேஜையில் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். வாயில் போட்டால் ஆடும். லேப் முதலாளி சார், செட்டைக் கொண்டுபோக வாசலில் வண்டி நிற்கிறது என்று குதிப்பார். டாக்டர் போனில் இருப்பார். நீ ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மாட்டாய். "ஆறட்டும் சார். இங்க நாம அவசரப்பட்டா, அங்க ஒருத்தர் வாயில ஆடும்" என்பாய். அந்த லேபில் சாரை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் நீதான். அதுவும் ஒரு பித்தளைப் பெட்டிக்காக.

தனியாக ஒரு லேப் போட வேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்தவளும் நீதான். பல்லின் நிறம் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும், ட்யூப் லைட்டில் பார்த்தால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி தெரியும், அதனால் கிழக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றாய். முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி வேண்டும் என்றாய். ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து உன் முதுகு போயிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் "இந்தத் தையில பாத்துக்கலாம்டி" என்பாய். நான் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். பொண்ணு ஸ்கூல் மாறட்டும். அவருக்கு வேலை நிரந்தரமாகட்டும். மழை முடியட்டும். என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறார். அது எப்போதும் நிரந்தரமாகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். "செட்டுதான்டி ஆறணும். நாம ஆறக் கூடாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று கடைசிப் பொங்கலன்று சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத் தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் டீ குடித்தேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் உன் அம்மா போன் செய்து, "உன்னைக் கேட்டுகிட்டே இருக்காம்மா. சீக்கிரம் வந்துட்டுப் போயேன்" என்றார்கள். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாரிடம் போய் நின்றேன். "அஸ்தினாபுரம் கிளினிக் கேஸை முடிச்சுக் குடுத்துட்டு எங்க வேணா போ" என்றார். பெட்டி அப்போதுதான் கொதிநீரிலிருந்து வெளியே வந்திருந்தது. கையில் பிடிக்க முடியாத சூடு. குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. துணியைச் சுற்றிப் பிடித்து, நெம்பித் திறந்தேன். அவசரத்தில் துணி நழுவி இரண்டு விரல் சுட்டுக்கொண்டது. செட்டைத் தேய்த்து, மாடலின் அடியில் என் வட்டத்தைப் போட்டு, டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

நீ கண்ணைத் திறந்துதான் இருந்தாய். என் கையைப் பிடித்தாய். பிடித்த உடனே விரலைத் திருப்பிப் பார்த்தாய். அந்த நிலையிலும் உனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"சூட்டோட தொறந்தியா?"

"உன்னைப் பாக்கணும்னுதான்டி."

"ஆடும் பாரு."

"ஆடினா ஆடட்டும்."

"திரும்பி வரும். வந்தா என்னுதுன்னு சொல்லிடு. நான்தான் லீவுல இருக்கேனே, சார் என்னைத் திட்ட முடியாது" என்று சிரிக்கப் பார்த்தாய். உதடு வெடித்திருந்ததால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நீ போய்விட்டாய்.

நீ சொன்ன மாதிரியே அது திரும்பி வந்தது. உன்னை அடக்கம் செய்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள். டப்பாவைப் பிரித்தவள் நான். செட், கூடவே மாடல், ஒரு சீட்டு: ஆடுகிறது, புண் ஆகிறது. மாடலைத் திருப்பினேன். அடியில் என் வட்டம். சார் அப்போது உள் அறையில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டர் தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மாடலின் அடிப்பாகத்தை அதில் வைத்தேன். இரண்டு நொடி. வட்டம் வெள்ளைத் தண்ணீராக ஓடிப்போயிற்று. யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும். சொல்லமாட்டேன்.

சார் வந்து, "யாருது?" என்றார்.

"மார்க் இல்ல சார்."

"அப்ப அந்தப் பொண்ணோடதாத்தான் இருக்கும். காய்ச்சலோட வந்து என்னத்தைப் பண்ணிச்சோ." என் எதிரிலேயே கிளினிக்குக்குப் போன் போட்டார். "சாரி டாக்டர். இறந்துபோச்சு பாருங்க, அந்தப் பொண்ணு பண்ணின கேஸ். கடைசி நேரம். கொஞ்சம் தேய்ச்சு அனுப்பறேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. நீதானே சொல்லச் சொன்னாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பிழைத்து வந்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "என் பேர்லயா போட்ட, திருடி" என்று என் தலையில் குட்டியிருக்க வேண்டிய பேச்சு அது. செத்துப்போனவள் சொன்ன விளையாட்டுப் பேச்சைச் சாட்சிக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு தடவை வழி கிடைத்ததும் சார் அதையே பிடித்துக்கொண்டார். எந்தக் கேஸ் திரும்பி வந்தாலும், "அது அந்தப் பொண்ணு டயத்துல பண்ணினது" என்று போனில் சொல்வார். நீ போய் ஐந்து மாசம் ஆன பிறகும் சொன்னார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பாலிஷ் போடுகிறவர், "நம்ம லேப்ல செத்தவங்கதான் மச்சான் ஓவர்டைம் பாக்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். கேஸ் சீட்டு ஒன்றைத் திருப்பி, ஒரு மாசத்தில் வேலையை விட்டு நிற்கிறேன் என்று மூன்று வரி எழுதி சார் மேஜையில் வைத்தேன்.

அவர் படித்துவிட்டு டிராயரில் போட்டார். "கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் இது இங்கதான் இருக்கும். புத்தி வந்தா எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

ஊரில் உள்ளவர்கள் ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு லெட்டர் கொடுப்பார்கள். நான் லெட்டரைக் கொடுத்துவிட்டு ஏற்பாட்டைத் தேடிக்கொண்டு போனேன். இதையும் சூட்டோடுதான் திறந்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "என் வேலை எப்ப போகும்னு தெரியாது. உன்னுது இருக்குன்னு நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிபன் பாக்ஸில் மாதிரி செட்டை வைத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறினேன். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். "லேப் எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். "போடப் போறேன் சார்." "போட்டுட்டு வாங்க." அவ்வளவுதான். பழைய சாமான் கடையில் ஒரு பிரஸ், ஒரு தேய்க்கும் சக்கரம், இந்தப் பெட்டி. கூடவே முதுகு சாயும் நாற்காலி இரண்டு. ஒன்று போதும் என்பது வண்டியில் ஏற்றும்போதுதான் உறைத்தது. இறக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. இந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது. ஆனால் வடக்குப் பார்த்தது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நிறம் பார்க்க நான் பிளாஸ்டிக் பல்லை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடுகிறேன். போகிற வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கடைசியில் ஒரே ஒருவர் ஒப்புக்கொண்டார். அஸ்தினாபுரம் டாக்டரம்மா. அதே கிளினிக். "நீ தனியா பண்றதுன்னா என் கேஸ் எல்லாம் உனக்கே தர்றேன். உன் வேலை எனக்குத் தெரியும். அந்த இறந்துபோன பொண்ணு பண்ணினது ஒண்ணுதான் சொதப்பிடுச்சு, பாவம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் உன்னைக் காட்டிக்கொடுத்தது இரண்டாம் தடவை. ஆட்டிவிட்டுக் கீழே இறங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். வேலை கிடைத்த சந்தோஷம் என்று பக்கத்தில் நின்ற பெண்மணி நினைத்திருப்பாள். அவர் ஒருவர் கொடுக்கும் கேஸை நம்பித்தான் இந்த அறையைப் பிடித்தேன். அவர் இல்லை என்றால் எனக்கு எதுவும் இல்லை. இதை நீ மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

போன திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார் என்று போனேன். நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். கீழ் ஈறில் ஒரு புண், பட்டாணி அளவுக்கு. "ஐயாவைப் பாரு. உன் ஃபிரெண்டு பண்ணின செட்டு. ஏழு மாசமா இதையே போட்டுகிட்டு இருந்திருக்கார். நீ இவருக்குப் புதுசா பண்ணிக் குடு. உன் லேபோட முதல் கேஸா இருக்கட்டும்" என்றார்.

அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ரயில்வேல ஃபிட்டரா இருந்தவம்மா" என்றார். "ஒரு சாமான் சரியா உக்காரலன்னா கையில வாங்கின ஒடனே தெரிஞ்சுடும். இது மொத நாள்லேர்ந்தே உக்காரல."

"அப்பறம் ஏன் ஐயா மறுபடியும் வரல?" என்றார் டாக்டரம்மா.

"ஒருவாட்டி வந்தேனே. செஞ்ச பொண்ணு செத்துப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதோட கடைசி வேலையா இருக்கும். அதப்போயி கொற சொல்லிகினு இருக்கணுமான்னு வுட்டுட்டேன். சாப்புடறப்ப மட்டும்தான் வலிக்கும்."

சாப்பிடும்போது மட்டும்தான். ஏழு மாசம், ஒவ்வொரு வேளையும்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திறக்காவிட்டால் முதல் கேஸ் என் கையில். உன் பேர்மீது உட்கார்ந்துகொண்டு நான் உன் கனவை நடத்தலாம். அந்தப் பெரியவர் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நான் மூன்றாம் தடவையும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே.

"மேடம், அது அவ செஞ்சது இல்ல. நான் செஞ்சது" என்றேன். சூட்டோடு திறந்ததைச் சொன்னேன். சக்கரத்தில் வைத்து மார்க்கை அழித்ததைச் சொன்னேன். நீ சாகக் கிடந்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். "ஏழு மாசம். இங்க வந்து வேலை கேட்டப்பகூட நீ சொல்லல" என்றார்.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது அந்தப் பொண்ணு செஞ்சது இல்லியா?"

"இல்லைங்க ஐயா."

"நான் தெனமும் சாப்புட்டு முடிச்சு கழட்டி வைக்கறப்ப அதுகிட்ட பேசுவேம்மா. 'சரி வுடு கண்ணு, ஒன்னால முடிஞ்சது இதான்'னு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஈரத்தோடு என் உள்ளங்கையில் வைத்தார். "இத நீயே வெச்சுக்கோ."

அளவு எடுக்காமல் அவரை அனுப்ப முடியாது, வாய் வெறுமையாக இருக்கிறது. டாக்டரம்மா அளவு எடுத்தார். அச்சை என்னிடம் நீட்டினார். "இந்த ஒண்ணு. அடுத்த திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு அவர் வருவார். ஆடிச்சுன்னா என் கிளினிக் படி ஏறாதே. உங்க சார்கிட்டயும் நீயே சொல்லிடு. நான் சொல்ற மாதிரி வெச்சுக்காதே" என்றார்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். எல்லோர் எதிரிலும்தான் சொன்னேன், ஏனென்றால் அவர்கள் எதிரில்தான் அவர் உன்னைக் குறை சொன்னார். பாலிஷ் போடுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். சார் கத்தவில்லை. டிராயரைத் திறந்து என் லெட்டரை எடுத்தார். கையெழுத்துப் போட்டு ஃபைலில் குத்தினார். "இனிமே நீ இதைக் கேக்க வேணாம்" என்றார். அந்த டிராயரில் அது சும்மா கிடந்த இருபத்துமூன்று நாளும் எனக்குள் ஒரு மூலையில் தைரியமாக இருந்திருக்கிறது. ஃபைலில் குத்திய பிறகுதான் அது தெரிந்தது. திரும்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை நாளும் கோபக்காரியாக நடமாடியிருக்கிறேன்.

இந்த ஒரு வாரமும் லேபில் வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு பயந்து ஒரு செட்டைச் செய்ததில்லை. மெழுகில் பல்லை அடுக்கினேன், பிடிக்கவில்லை, பிடுங்கினேன், மறுபடி அடுக்கினேன். நேற்று மெழுகோடு வாயில் வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா, "ம்" என்றார். இன்று காலை மெழுகை உருக்கி எடுத்து, லிக்விடைக் குழைத்து, அழுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பில், சோற்றுப் பானையில் பெட்டியைப் போட்டுக் கொதிக்க வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மறுபடி வந்து காலி பண்ணு என்றாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவது. எல்லாவற்றையும் ஒரு வாய்க்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பெட்டியைத் தொட்டேன். சுட்டது. மூன்றுக்குத் தொட்டேன். உள்ளே எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் போதும், நல்லதோ கெட்டதோ தெரிந்துவிடும், இந்த வதை நின்றுவிடும் என்று கை பெட்டியை இறுக்கியிருக்கும் திருகாணி வரைக்கும் போய்விட்டது. குழாய் நாலடி தூரத்தில் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் பத்து நிமிஷம் விட்டால் போதும். அப்போது நீ பின்னால் அந்த இரண்டாவது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் சொல்கிறேன். நீ அங்கே இல்லை. யாரும் "ஆறட்டும்" என்று சொல்லவில்லை. நானே சத்தமாகச் சொன்னேன். என் குரலில் அது நன்றாகவே இல்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். வந்து உட்கார்ந்து உனக்கு இந்தப் பக்கத்தை எழுதினேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் பழைய செட் இருக்கிறது. பெரியவர் என் கையில் வைத்தது. ஒரு வாரமாகக் கைப்பையில் போகிற இடமெல்லாம் கொண்டுபோகிறேன். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்திருக்கும்போது உள்ளே கடகடவென்று ஆடுகிறது. தூக்கிப் போட மாட்டேன். அதன் பக்கத்தில் புதுசுக்கு ஊற்றிய இரண்டாவது மாடல். நாளைக்குச் செட்டோடு கிளினிக்குக்குப் போகிற மாடல். நம் லேப் போட்டால் வட்டத்துக்குள் இரண்டு கோடு போட்டு ஒரே குறியாக வைத்துக்கொள்ளலாம் என்று நீ ஒரு நாள் மாடலில் வரைந்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் போடப் போனேன். வட்டத்தைப் போட்டேன். கோடு போடக் கை வரவில்லை. உன் பேரை நான் கேட்காமல் எடுத்தது ஒரு தடவை போதும். பென்சிலையும் வைத்துவிட்டேன். மெழுகுக் கத்தியை எடுத்து, பிளாஸ்டரில் அந்த வட்டத்தை ஆழமாகக் குடைந்திருக்கிறேன். முட்டை மார்க். கொஞ்சம் கோணல். எந்தச் சக்கரத்தில் வைத்தாலும் இரண்டு நொடியில் போகாது.

மணி ஐந்தடிக்கப் போகிறது. இப்போது எழுந்து போய் மறுபடி தொட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை கை பெட்டியின் மேல் அப்படியே இருந்தது. வெந்நீர்ச் சூடும் இல்லை, வெதுவெதுப்பும் இல்லை. பெட்டி ஆறிவிட்டது. நான்தான் இன்னும் ஆறவில்லை.

திறக்கப் போகிறேன். சரியாக உட்கார்ந்தால் என்னுடையது. ஆடினாலும் என்னுடையதுதான்டி.